ஃபார்மால் எம் இன்ஜினுக்குப் பாகம் தேடும் வாசகருக்கு: முதலில் அளவெடுங்கள், அப்புறம் வாங்குங்கள்

அமெரிக்காவில் இல்லினாய் மாநிலம் பியோரியா பக்கத்திலிருந்து ஒரு வாசகர் நீளமான கடிதம் அனுப்பியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அவர் சொன்னதன் சுருக்கம் இது.

பிறந்து வளர்ந்தது பொள்ளாச்சி பக்கம், இப்போது கணினித் துறையில் வேலை. பக்கத்துப் பண்ணைக்காரர் எண்பது வயதைத் தாண்டிய பெரியவர், பிள்ளைகள் யாரும் விவசாயத்தில் இல்லை. அவர் தன்னுடைய 1948ஆம் வருடத்து ஃபார்மால் எம் டிராக்டரைக் குறைந்த விலைக்கு இவருக்கே கொடுத்துவிட்டார். பல வருடமாகக் கொட்டகையில் நின்ற வண்டி, இன்ஜின் சீஸ் ஆகி, சுற்றாமல் இறுகிவிட்டது. அடுத்த கோடையில் உள்ளூர்க் கண்காட்சியில் நடக்கும் பழைய டிராக்டர் இழுவைப் போட்டியில், மாற்றம் செய்யாத வண்டிகளுக்கான பிரிவில் அதை ஓட்ட வேண்டும், அந்தப் பெரியவர் வேலியோரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது இவர் ஆசை.

இன்ஜினைப் பிரித்திருக்கிறார். மூன்றாவது சிலிண்டர் துரு அரித்திருக்கிறது, பழைய ஹெட்டில் விரிசல், பிளாக்கின் பக்கவாட்டில் யாரோ எப்போதோ வெல்டிங் வைத்த தழும்பு. ஈபேயில் "பிரிக்காத பழைய கம்பெனி ஸ்டாக், ஸ்டாண்டர்ட் சைஸ்" என்று போட்டிருந்த பிஸ்டன்-ஸ்லீவ் செட் (ஸ்லீவ் என்பது பிஸ்டன் ஓடும் உள்ளுறை உருளை) ஒன்றை நல்ல விலை கொடுத்து வாங்கினார். பெட்டி பழையது, உள்ளே இருப்பது புதியது, காலிப்பரில் 4 அங்குலம் காட்டுகிறது, வண்டியின் ஸ்டாண்டர்ட் அளவோ 3⅞ அங்குலம், அதனால் சேராது என்று முடிவு கட்டிவிட்டார். திருப்பி எடுக்க மாட்டேன் என்று விளம்பரத்திலேயே எழுதியிருந்ததால், பணம் போனது போனதுதான் என்று விட்டுவிட்டார். பெட்டி வந்து மூன்று வாரம் ஆகிறது. அயோவாவில் ஒரு பழைய இயந்திரச் சந்தையில் பார்த்தவரிடம் ஒரு ஹெட்டும் வாங்கினார். "சோதித்துப் பார்த்தாயிற்று, விரிசல் இல்லை" என்று அவர் போனில் எழுதி அனுப்பியிருக்கிறார். ரசீதில் மட்டும் "இருக்கிற நிலையில்" என்று ஒரு வரி. வீட்டுக்கு வந்து பட்டறையில் காட்டினால் வால்வு சீட்டுகளுக்கு நடுவே விரிசல்.

இவ்வளவுக்கும் பிறகு அவர் கேட்பவை: ஹெட்டுக்குக் கொடுத்த பணம் திரும்ப வருமா? பிளாக்கையே மாற்றிவிடலாமா? பிந்தைய மாடலான ஃபார்மால் 450இன் கிராங்க் (பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டு) போட்டால் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், கூடி இழுவை கூடுமாமே? இந்த இன்ஜினுக்கு இப்போது யாரும் பாகம் செய்வதில்லை என்கிறார்களே, கோவையில் பவுண்டரி வைத்திருக்கும் மாமா பிஸ்டன் வார்த்து அனுப்பட்டுமா? கடைசியாக, சற்றுக் கூச்சத்தோடு ஒரு வரி: "அந்தப் போட்டிக்காரர்கள் நடுவில் நம்மைப் போல யாரும் இல்லை, போய்க் கேட்கத் தயக்கமாக இருக்கிறது."

அன்புள்ள நண்பரே,

நான் இன்ஜின் ரீபில்டிங் பட்டறைக்காரன், வக்கீல் அல்ல. ஆனால் பாகம் வாங்கி ஏமாந்தவர்கள் முதலில் வந்து நிற்பது எங்கள் மேசை முன்னால்தான் என்பதால் அந்தப் பக்கமும் ஓரளவு தெரியும். உங்கள் கடிதத்தில் அவசரமானது ஒன்று இருக்கிறது, அதிலிருந்து தொடங்குகிறேன்.

ஈபே பணம் இன்னும் போகவில்லை

"திருப்பி எடுப்பதில்லை" என்று விற்பவர் போட்டிருப்பது, நீங்கள் மனம் மாறித் திருப்பிக் கொடுப்பதைத் தடுக்கும், அவ்வளவுதான். விளம்பரத்தில் சொன்னது ஒன்று, பெட்டியில் வந்தது வேறு என்றால் அந்த வரிக்கு அங்கே மதிப்பு இல்லை. ஈபேயின் பண உத்தரவாதத்தில் பொருள் கைக்கு வந்த 30 நாளுக்குள் "விவரித்தபடி இல்லை" என்று முறையிட வேண்டும். உங்களுக்கு மூன்று வாரம் ஓடிவிட்டது. இன்றைக்கே செய்யுங்கள். விளம்பரப் பக்கத்தைப் படம் பிடித்து வையுங்கள், பிஸ்டன் மேல் காலிப்பர் வைத்து அளவு தெரியும்படி ஒரு படம், பெட்டியில் ஒட்டியிருக்கும் பாக எண்ணுக்கு ஒரு படம். விற்றவரோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்காதீர்கள், எல்லாம் அந்தத் தளத்தின் வழியாகவே எழுத்தில் இருக்கட்டும். அவர் மூன்று வேலைநாளில் சரிசெய்யவில்லை என்றால் ஈபேயையே தலையிடச் சொல்லலாம். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், கணக்கு அறிக்கை அனுப்பப்பட்டதிலிருந்து 60 நாளுக்குள் கார்டு நிறுவனத்திடம் எழுத்தில் முறையிடும் வழி தனியாக இருக்கிறது, அது இரண்டாவது கதவு.

அதுவரை அந்த செட்டைத் தொடாதீர்கள். ஸ்லீவைப் பிளாக்கில் வைத்துப் பார்ப்பது, ரிங்கை மாட்டிப் பார்ப்பது எதுவும் வேண்டாம்.

இங்கே ஒரு சங்கதி. 4 அங்குல செட் உங்கள் இன்ஜினுக்குச் சேராது என்று நீங்கள் முடிவு கட்டியிருக்கிறீர்கள், அது அப்படி இல்லை. எம் இன்ஜின் சி-248 என்பது: போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 3⅞ அங்குலம், ஸ்ட்ரோக் 5¼ அங்குலம், நாலு சிலிண்டருக்குமாக 247.7 கன அங்குலம். 1952இல் வந்த சூப்பர் எம் டிராக்டரின் சி-264க்கு போர் சரியாக 4 அங்குலம், ஸ்ட்ரோக் அதேதான். அதனால் எம் பிளாக்கில் போடவென்றே 4 அங்குல செட்டுகள் நெடுங்காலமாக விற்பனையில் இருக்கின்றன, இழுவைப் போட்டிக்காரர்கள் விரும்பிப் போடுவதும் அதைத்தான். பின்னே ஏன் திருப்பச் சொல்கிறேன் என்றால், நீங்கள் கொடுத்தது பழைய கம்பெனி ஸ்டாக்கின் விலை, கையில் இருப்பது யார் செய்தது என்று தெரியாத புதுச் சரக்கு. 4 அங்குலம்தான் வேண்டும் என்று நாளைக்கு முடிவானாலும், பெயர் தெரிந்த கடையில் இதைவிடக் குறைந்த விலைக்கு, உத்தரவாதத்தோடு கிடைக்கும்.

அயோவா ஹெட்

இதில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, ஆனால் பணம் வருவது சிரமம். இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவில் பொருள் விற்பனைக்கு யூனிஃபார்ம் கமர்ஷியல் கோட் என்ற சட்டத்தொகுப்பின் இரண்டாம் பகுதி பொருந்தும், இல்லினாய், அயோவா இரண்டும் அதை ஏற்ற மாநிலங்கள். "இருக்கிற நிலையில்" என்று ரசீதில் எழுதினால், சொல்லாமலே சட்டம் சேர்க்கும் உத்தரவாதங்கள் பொதுவாக நீங்கிவிடும். ஆனால் விற்றவர் தன் வாயால், தன் கையெழுத்தால் சொன்ன ஒரு திட்டமான தகவல் வேறு வகை. "சோதித்தாயிற்று, விரிசல் இல்லை" என்பது அந்தப் பொருளைப் பற்றிய வாக்கு, 2-313ஆம் பிரிவு அதை வெளிப்படையான உத்தரவாதமாகவே கொள்கிறது, ரசீதின் ஒற்றை வரி அதைச் சுலபமாக அழித்துவிட முடியாது. அவர் வியாபாரியா, வீட்டில் கிடந்ததை விற்றவரா என்பதும் இதற்கு முக்கியமில்லை. உங்கள் தரப்பில் செய்ய வேண்டியது, குறை தெரிந்ததும் நியாயமான காலத்துக்குள் அவருக்குத் தெரிவிப்பது. அதை விட்டுவிட்டால் உரிமையே போய்விடும் (2-607ஆம் பிரிவு). கடிதத்தில் நீங்கள் அவருக்கு எழுதியதாகச் சொல்லவில்லை. இன்றே எழுதுங்கள்: வாங்கிய தேதி, அவர் அனுப்பிய செய்தி, பட்டறையின் சோதனை முடிவு, நீங்கள் கேட்பது முழுப் பணமா பாதியா என்பது.

சிரமம் எங்கே என்றால், நீங்கள் பணம் அனுப்பியது போன் செயலியில் "நண்பர், குடும்பம்" என்ற வகையில். அதில் வாங்குபவருக்கான பாதுகாப்பு கிடையாது. அவர் மறுத்தால் மிஞ்சுவது சிறு வழக்கு மன்றம்தான். ஆள் அயோவாவில் இருப்பதால் பெரும்பாலும் அங்கேதான் போக வேண்டியிருக்கும், தொகை வரம்பு 6,500 டாலர் என்பதால் உங்கள் ஹெட் அதற்குள் தாராளமாக அடங்கும், ஆனால் கட்டணம், விடுப்பு, பெட்ரோல் எல்லாம் சேர்த்தால் ஒரு பழைய ஹெட்டின் விலைக்கு அது கட்டுபடியாகுமா என்று நீங்களே கணக்குப் பாருங்கள். என்னைக் கேட்டால், மரியாதையான கடிதம் எழுதி, பாதி கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு விஷயத்தை முடிப்பேன். வழக்குப் போடும் எண்ணம் இருந்தால் அங்குள்ள வக்கீல் ஒருவரிடம் ஒரு முறை பேசிவிட்டுப் போடுங்கள்.

இன்னொன்று, அந்த ஹெட் விரிசல் இல்லாமல் இருந்திருந்தாலும் உங்களுக்குச் சரியானதுதானா என்று பார்த்தீர்களா? எம் டிராக்டர் பெட்ரோலில் ஓடும்படியும் வந்தது, டிஸ்டிலேட் என்ற மலிவு எரிபொருளில் ஓடும்படியும் வந்தது. டிஸ்டிலேட் ஹெட்டில் எரியறை பெரியது, அழுத்தம் குறைவு. போல்ட் ஓட்டைகள் பொருந்திவிடும், வண்டி ஓடவும் செய்யும், ஆனால் ஸ்லெட்டை (போட்டியில் இழுக்க வேண்டிய பாரச் சறுக்கு வண்டி) கட்டியதும் மூச்சு வாங்கும். வார்ப்பு எண்ணைப் பாகப் பட்டியலோடு ஒத்துப் பாருங்கள். அதற்கும் மேலான சோதனை எரியறையை அளப்பது: ஹெட்டைக் கவிழ்த்து மட்டமாக வைத்து, வால்வும் பிளக்கும் மாட்டி, விளிம்பில் லேசாகக் கிரீஸ் தடவி ஒரு துளையிட்ட கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தகட்டை அழுத்தி, பியூரெட்டால் துளை வழியே திரவம் விட்டு, கடைசிக் காற்றுக் குமிழி வெளியேறும்போது எத்தனை மில்லி இறங்கியிருக்கிறது என்று குறிப்பது. 4 அங்குல போரில் ஒரு சிலிண்டர் இழுக்கும் அளவு சுமார் 1,081 மில்லி. ஹெட், கேஸ்கெட், பிஸ்டன் உச்சி எல்லாம் சேர்த்து 200 மில்லி மிஞ்சினால் அழுத்த விகிதம் 6.4, 160 மில்லி என்றால் 7.7க்கு மேல். நாலு அறைக்கும் தனித்தனியாக அளந்து எழுதிவையுங்கள், ஒன்றுக்கொன்று வித்தியாசம் இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

பிளாக்கைத் தூக்கிப் போடாதீர்கள்

பக்கவாட்டுத் தழும்பைப் பார்த்துப் பயந்துவிட்டீர்கள். அந்த ஊர்க் குளிரில், தண்ணீரை வடிக்காமல் விட்ட ஒரு ராத்திரியில் வெளிச்சுவர் வெடிப்பது பழைய டிராக்டர்களுக்குச் சாதாரணமாக நடப்பது. அது தண்ணீர் ஓடும் அறையின் வெளிச்சுவர், சிலிண்டரின் பாரம் அதன் மேல் இல்லை. பிளாக்கைக் கழுவி அழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள். ஒழுகினால் அந்த வெல்டிங்கை நீக்கிவிட்டு, விரிசல் நெடுக ஒன்றன்மேல் ஒன்று ஏறும் திருகூசிகளை வைத்துத் தைக்கும் முறை இருக்கிறது, வார்ப்பிரும்புக்குச் சூடேற்றாத அந்த முறைதான் நல்லது. விரிசல் மெயின் பேரிங் தாங்கும் சுவருக்குள்ளோ, ஹெட் உட்காரும் மேல் தளத்துக்கோ போயிருந்தால் மட்டும் வேறு பிளாக் தேடலாம்.

பிளாக்கில் அதைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது ஸ்லீவ் உட்காரும் துளை. இதில் ஸ்லீவ் உலர் வகை, அதாவது தண்ணீர் நேராக ஸ்லீவில் படாது, ஸ்லீவின் சூடு பிளாக்கின் இரும்புக்குப் போய்த்தான் தண்ணீருக்குப் போக வேண்டும். பழைய ஸ்லீவைக் கழற்றிய பிறகு துளையை போர் கேஜ் வைத்து மேலே, நடுவே, கீழே என்று குறுக்கும் நெடுக்கும் அளக்கச் சொல்லுங்கள். துளை தேய்ந்து ஸ்லீவ் தளர்வாக உட்கார்ந்தால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பிஸ்டனும் சூட்டில் பிடித்துக்கொள்ளும். இந்த ஒரு அளவு தெரியாமல் ஸ்லீவ் வாங்குவது வீண்.

கிராங்கும் அப்படியே. எழுபது வருடத்தில் அது ஒரு தடவையாவது கிரைண்டிங் ஆகியிருக்க வாய்ப்பு அதிகம். மைக்ரோமீட்டரில் ஒவ்வொரு ஜர்னலையும் (பேரிங் உட்காரும் கழுத்து) அளந்து, ஸ்டாண்டர்டா, பத்து தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவா, இருபதா என்று தெரிந்து, தேவையென்றால் அரைத்து முடித்து, அதற்கு அப்புறம்தான் பேரிங் ஆர்டர் கொடுக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று முன்கூட்டியே வாங்கிய பேரிங் செட்டுகள் பட்டறை அலமாரிகளில் நிறையத் தூங்குகின்றன.

450இன் கிராங்கைப் பற்றிக் கேட்டீர்கள். அதை விட்டுவிடுங்கள். 450இன் சி-281க்கு போர் 4⅛ அங்குலம், ஸ்ட்ரோக் அதே 5¼தான். எம், சூப்பர் எம், 400, 450 நாலிலும் ஸ்ட்ரோக் ஒன்றே, கூடிக்கொண்டு போனது போர் மட்டும். கிராங்க் மாற்றி நீங்கள் பெறப்போவது ஒன்றுமில்லை. ஸ்ட்ரோக்கைக் கூட்ட வேண்டுமென்றால் கிராங்கை வெல்டிங் வைத்துத் தள்ளி அரைக்க வேண்டும், அது உங்கள் பிரிவுக்குள் வராத வேலை.

எல்லாவற்றுக்கும் முன்னால் விதிப்புத்தகம்

உங்கள் கடிதம் முழுக்கப் படித்தும், நீங்கள் போட்டியிடப் போகும் சங்கத்தின் விதிகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பழைய டிராக்டர் இழுவையில் நாடு முழுக்க ஒரே விதி கிடையாது. எந்த வருடம் வரை பழையது என்று எடுத்துக்கொள்வது, எடைப் பிரிவுகள், எவ்வளவு ஓவர்சைஸ் போடலாம், இன்ஜின் வேகம், தரையில் ஓடும் வேகம், டிராபார் (ஸ்லெட்டை மாட்டும் பின்பக்கக் கம்பி) உயரம், டயரின் வெட்டு, எல்லாம் சங்கத்துக்குச் சங்கம் மாறும். மாற்றம் செய்யாத பிரிவு என்று ஒரே பெயரை வைத்துக்கொண்டு ஒரு சங்கம் கம்பெனி போரைத் தாண்டக் கூடாது என்று சொல்லும், இன்னொன்று எட்டில் ஒரு அங்குலம் வரை விடும். எட்டில் ஒரு அங்குலம் விட்டால் உங்கள் 3⅞ சரியாக 4 ஆகிறது, அந்தச் செட் விதிக்குள் வருகிறது. விடாவிட்டால் அதே செட்டோடு நீங்கள் வேறு பிரிவில், உங்களைவிடப் பல மடங்கு செலவழித்தவர்களோடு நிற்க வேண்டிவரும். நீங்கள் தேட வேண்டிய பாகங்களின் பட்டியலையே தீர்மானிக்கப் போவது அந்த நாலு பக்கத் தாள்தான்.

அதனால்தான் கூச்சத்தை விட்டு அவர்களிடம் போகச் சொல்கிறேன். உங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது. வேறு தோற்றம், வேறு உச்சரிப்பு, தலைமுறை தலைமுறையாக ஒருவரையொருவர் தெரிந்தவர்கள் கூடும் இடம். போட்டிக்கு முன் வண்டிகளைச் சோதிக்கும் தொழில்நுட்ப அலுவலர் யார் என்று விசாரித்து, "1948ஆம் வருடத்து எம், இந்தப் பெரியவரின் வண்டி, உங்கள் விதியில் போர் எவ்வளவு வரை?" என்று கேளுங்கள். திட்டமான கேள்வியோடு வருபவருக்கு அந்த ஆட்கள் நேரம் கொடுப்பார்கள். பெரியவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவரை அங்கே யாருக்குத் தெரியும் தெரியாது என்பதெல்லாம் போனதும் விளங்கிவிடும். விளம்பரமே இல்லாத நல்ல ஹெட்டுகளும் கிராங்குகளும் இந்த ஆட்களின் கொட்டகைகளில்தான் இருக்கின்றன. அவை முகம் தெரிந்தவர் கேட்டால் மட்டும் வெளியே வரும்.

எங்கே தேடுவது

"யாரும் இப்போது செய்வதில்லை" என்பது தவறு. இரண்டரை லட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட டிராக்டர் இது, 1939 முதல் 1952 வரை உங்கள் ஊரிலிருந்து ஒன்றரை மணி நேரத் தொலைவில் உள்ள ராக் ஐலண்ட் ஆலையில் செய்யப்பட்டது. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரின் விவசாயப் பிரிவு 1985இல் கேஸ் நிறுவனத்தோடு சேர்ந்து கேஸ் ஐ.எச். ஆனது, அந்த டீலர்களின் பாக மேசையில் பழைய எண்ணைச் சொன்னால் சில சாமான்கள் இன்றும் வரும். பிஸ்டன், ஸ்லீவ், ரிங், பேரிங், வால்வு, கேஸ்கெட், மேனிஃபோல்டு எல்லாம் புதிதாகச் செய்து விற்கும் கடைகள் இருக்கின்றன, மிச்சிகனின் ஸ்டெய்னர் டிராக்டர் பார்ட்ஸ் அவற்றில் பலரும் அறிந்தது. புதிதாகக் கிடைப்பது அரிதானவை பெரிய சாமான்கள்: பிளாக், ஹெட், கிராங்க். அவற்றுக்குத்தான் டிராக்டர் உடைக்கும் யார்டுகளும் சந்தைகளும்.

சந்தை என்றால் இண்டியானாவில் போர்ட்லண்ட் ஊரில் ஆகஸ்ட் கடைசியில் நடப்பது, அயோவாவில் மவுண்ட் பிளசன்ட்டில் செப்டம்பர் முதல் வாரத்தை ஒட்டி நடப்பது, இல்லினாயிலேயே பென்ஃபீல்டில் ஜூலையில் நடப்பது. போகும்போது பாக எண்கள், வார்ப்பு எண்கள் எழுதிய தாள், காலிப்பர், நேர்விளிம்பு அளவுகோல், டார்ச் கொண்டுபோங்கள். ஹெட் வாங்கினால் "என் பட்டறையில் விரிசல் சோதனை செய்து பத்து நாளில் சொல்கிறேன், விரிசல் இருந்தால் திருப்பித் தருகிறேன்" என்று ரசீதிலேயே ஒரு வரி எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். அதற்கு ஒப்புக்கொள்ளாதவரிடம் இரும்பு விலைக்குக் கிடைத்தால் மட்டும் வாங்கலாம்.

அப்புறம் ஒரு யோசனை, இதை நான் பலருக்குச் சொல்வதுண்டு. ஓடாத முழு எம் டிராக்டர் ஒன்று ஏலத்தில் வந்தால் அதைப் பாருங்கள். ஹெட், கிராங்க், கனெக்டிங் ராடுகள், கார்புரேட்டர், மேக்னெட்டோ என்று தனித்தனியாக வாங்கும் பணத்தைக் கூட்டினால் பல சமயம் முழு வண்டியே அதைவிட மலிவாக இருக்கும், மிஞ்சும் டயரையும் வெயிட்டுகளையும் விற்றும்விடலாம். வாங்குமுன் ஆயில் பிளக்கை லேசாகத் திருகிப் பாருங்கள், முதலில் தண்ணீர் வந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

பழைய கம்பெனி ஸ்டாக் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்ற நம்பிக்கையையும் கொஞ்சம் திருத்திக்கொள்ளுங்கள். கியர், வால்வு, தண்டு போன்ற இரும்புச் சாமான் எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி இருந்தால் சந்தோஷமாக வாங்குங்கள். கேஸ்கெட், ஆயில் சீல், மேக்னெட்டோவின் கண்டென்சர் இவையெல்லாம் பெட்டிக்குள்ளேயே வயதாகிப் போகும். அவற்றைப் புதிதாகச் செய்ததிலேயே வாங்குங்கள்.

மாமாவின் பவுண்டரி

கோவை வார்ப்பு வேலையின் தரத்தை எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை, பம்பும் மோட்டாரும் வார்த்து வளர்ந்த ஊர். ஆனால் பிஸ்டன் வேறு கலை. சிலிக்கான் சேர்ந்த அலுமினியக் கலவை, அதற்கேற்ற சூட்டுப் பதம், சூடானால் வட்டமாகும்படி குளிரில் லேசாக நீள்வட்டமாகக் கடைந்த பாவாடைப் பகுதி, ரிங் பள்ளத்தின் தௌக்கணக்கு, நாலும் ஒரே எடை. இதையே தொழிலாகச் செய்பவர்கள் முதல் மாதிரியைச் சோதிப்பதற்குள் செய்யும் செலவு, நாலு பிஸ்டனுக்காக மாமா செய்யத் தகுந்ததல்ல. அதற்கு மேல் விமானச் சரக்குக் கட்டணம், அமெரிக்கச் சுங்க வரி. கடையில் கிடைக்கும் சாமானுக்கு இந்தச் சுற்றுவழி வேண்டாம். விசேஷ அளவு தேவைப்பட்டால் கலிஃபோர்னியாவில் ராஸ், ஏரியாஸ் போன்றவர்கள் பந்தய இன்ஜின்களுக்கு ஆர்டரின் பேரில் பிஸ்டன் செய்கிறார்கள், உங்கள் பிரிவுக்கு அதுவும் தேவைப்படாது. மாமாவின் அன்புக்கு நன்றி சொல்லி, எரியறைக்கு உள்ளே போகும் எதையும் அவரிடம் கேட்காதீர்கள்.

வேகத்தைக் கூட்டும் ஆசை

கடிதத்தின் ஓரத்தில் "கவர்னரைக் கொஞ்சம் திறந்துவிடலாமா" என்று ஒரு கேள்வி இருந்தது. கவர்னர் என்பது இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பாகம். இந்த இன்ஜினின் கம்பெனி வேகம் நிமிடத்துக்கு 1,450 சுற்று. சுற்றும் இரும்பில் ஏறும் விசை வேகத்தின் வர்க்கமாக ஏறும்: 2,050 சுற்றில் ஏறக்குறைய இரண்டு மடங்கு, 2,900இல் நாலு மடங்கு. உங்கள் ஃப்ளைவீல் எழுபது வருடத்து வார்ப்பிரும்பு, அது சிதறினால் துண்டுகள் பறக்கும் தளத்தில்தான் உங்கள் கால்கள் இருக்கின்றன. விதி அனுமதித்தாலும் ஃப்ளைவீலை விரிசலுக்குச் சோதிக்காமல், ராடுகளையும் அவற்றின் போல்ட்டுகளையும் பார்க்காமல், முழு இன்ஜினும் பேலன்ஸ் ஆகாமல் கவர்னரைத் தொடாதீர்கள். டிராபாரை உயர்த்தினால் பின் சக்கரத்தில் பிடி கூடும் என்று யாராவது சொல்வார்கள், பல சங்கங்கள் 20 அங்குலத்தில் நிறுத்தியிருப்பதற்குக் காரணம் முன் பக்கம் தூக்கிக்கொண்டு வண்டி பின்னால் கவிழ்ந்து ஓட்டியவர்கள் இறந்திருப்பதுதான். இழுத்தால் இன்ஜின் நிற்கும் கில் ஸ்விட்ச்சின் கயிறு ஸ்லெட்டோடு கட்டப்படும், அது வேலை செய்கிறதா என்று ஒவ்வொரு முறையும் நீங்களே இழுத்துப் பாருங்கள். இந்தச் செலவில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

அடுத்த கோடைக்குள் முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். முடியும், பட்டறையில் இப்போதே முறை வாங்கினால். பனிக்காலத்தில் எல்லாப் போட்டிக்காரர்களும் இன்ஜினைப் பிரித்துக்கொண்டு வருவார்கள், ஜனவரியில் போய் நின்றால் ஏப்ரல் என்பார்கள். பிளாக், கிராங்க், ராடுகள், ஃப்ளைவீல் நான்கையும் ஒரே தடவையில் கொண்டுபோய்க் கொடுத்து, கழுவி, விரிசல் பார்த்து, அளவுகளை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தத் தாளும் சங்கத்தின் விதியும் கைக்கு வந்ததும் எனக்கு எழுதுங்கள், எந்த ஸ்லீவ், எத்தனை தௌ பேரிங், எந்த ஹெட் என்று வரிசையாகப் பார்த்துவிடலாம்.